கடைசியாக வந்தவருக்கு முதல் கால்

செயற்கை உறுப்பு வாரியத்துக்குக் கணினி அறிவு வந்தது ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்கு முன்பும் அங்கே கணினிகள் இருந்தன. அவற்றுக்கு உறை போட்டு, உறையின் மேல் கோப்புகளை வைத்திருந்தார்கள்.

இயக்குநர் ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தார். தேநீர் இடைவேளையில் பக்கத்தில் நின்றவர், "உங்க ஆபீஸ்ல எத்தனை பேருக்கு ப்ரோகிராம் எழுதத் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். இயக்குநர் ஆண்டுவிழாவை நினைத்துக்கொண்டு, "எல்லாருமே எழுதுவாங்க. பாட்டு, நாடகம், கடைசியில நன்றியுரை" என்று சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு வாரியம் முழுவதும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. காவலாளி, ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் உட்பட அனைவரும் ஒரு மாதத்துக்குள் ப்ரோகிராம் எழுதக் கற்க வேண்டும் என்று ஆணை வந்தது.

பதிவு ஜன்னலில் உட்காரும் எழுத்தரை எல்லோரும் ஜன்னலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கால் இழந்தவர்கள் முதலில் வந்து நிற்கும் இடம் அவள் ஜன்னல். பெயர், வயது, எந்தக் கால், என்ன அளவு என்று எழுதிய தாளைக் கட்டின் அடியில் செருகுவாள். மேலே இருப்பதை எடுத்துப் பட்டறைக்கு அனுப்புவாள். பட்டறையில் ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கால்தான் செய்ய முடியும். ஜன்னலில் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஆகவே கட்டு வளர்ந்துகொண்டே போயிற்று. ஆனாலும் முன்னால் வந்தவர் முன்னால் போனார்.

அந்தத் தாள் கட்டுக்குள் அவள் கணவர் பெயரும் இருந்தது. லிப்ட் மெக்கானிக். மூன்று வருடங்களுக்கு முன் குழிக்குள் இறங்கிக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது, யாரோ நாலாவது மாடியிலிருந்து பொத்தானை அமுக்கிவிட்டார்கள். வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை இல்லை என்பது வாரியத்தில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட ஒரே விதி. அவரும் காத்திருந்தார். பயிற்சி மூன்றாவது வாரத்தை எட்டியபோது அவருக்கு முன்னால் முப்பது, நாற்பது பேர்தான் பாக்கி.

"அடுத்த வாரம் முடியறதுக்குள்ள வந்துடும்" என்று ஜன்னலம்மா வீட்டில் சொல்லியிருந்தாள். அவர் பழைய ஷூ ஜோடியில் வலது காலுடையதைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தார்.

பயிற்றுநர் ஒரு கம்பெனியிலிருந்து வந்தார். நடுவயதுக்காரர், எதைக் கேட்டாலும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை மனதுக்குள் பார்த்துவிட்டுப் பதில் சொல்பவர்.

"க்ளாஸ்னா அச்சு. ஆப்ஜெக்ட்னா அந்த அச்சுல வார்த்து எடுத்த பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் சில குணம் இருக்கும், சில வேலை தெரியும். உதாரணமா, கேட். அதுக்குத் திறக்கத் தெரியும், மூடத் தெரியும்."

காவலாளி கையைத் தூக்கினார். "அதுக்கே தெரியும்னா நான் எதுக்கு சார்?"

அந்தக் கேள்வி குறித்துக்கொள்ளப்பட்டது. அடுத்த மாதம் காவலாளி வேலை போயிற்று. கேட் அதற்குப் பிறகும் தானாகத் திறக்கவில்லை. வந்தவர்களே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"அடுத்து, உள்ள நடக்கிறது வெளிய தெரியக் கூடாது" என்றார் பயிற்றுநர். "வெளிய இருக்கறவங்க நேரடியா உள்ள கை வைக்க முடியாது. இது ஒரு முக்கியமான தத்துவம்."

முன்வரிசையில் இருந்த இயக்குநர் எழுந்து பின்னால் திரும்பினார். "பார்த்தீங்களா? இதை நாம இருபது வருஷமா கடைப்பிடிக்கிறோம். பேர்தான் தெரியாம இருந்தது." கைதட்டினார்கள்.

மூன்றாவது வாரம் வகைப் பட்டியலும் ஸ்டாக்கும் வந்தன. பட்டியல் உண்டாக்கும்போதே அதில் எந்த வகைப் பொருள் போகும் என்று சொல்லிவிட வேண்டும். செருப்புக்கென்று சொன்ன பட்டியலில் தக்காளியைப் போட்டால் இயந்திரம் வாங்காது. ஸ்டாக் என்பது அடுக்கு. சாப்பாட்டுத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போல. கடைசியாக வைத்த தட்டுதான் முதலில் கைக்கு வரும்.

"ரெண்டையும் வெச்சு ஒரு பயிற்சி பண்ணுங்க. உங்க வேலையில இருந்தே ஏதாவது எடுத்துக்கங்க" என்றார் பயிற்றுநர்.

ஜன்னலம்மா விண்ணப்பதாரர் என்று ஒரு க்ளாஸ் எழுதினாள். அதிலிருந்து இடது கால்காரர், வலது கால்காரர் என்று இரண்டு வகை. இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல், தனித்தனி அடுக்கு. முதல் நாள் இருபது பிழை காட்டிற்று. இரண்டாம் நாள் ஒரு புள்ளி விட்டுப்போனது தெரிந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் 'போடு' என்றதும் பெயர் உள்ளே போயிற்று. 'எடு' என்றதும் வெளியே வந்தது. பள்ளிக்கூடம் விட்டு இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு தனக்கு ஒன்று புதிதாகத் தெரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

கணவரிடம் தட்டுகளை அடுக்கியே காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். "அடித்தட்டு எப்ப வெளிய வரும்?"

"மேல இருக்கறதெல்லாம் போனதும்."

"மேல வெச்சுக்கிட்டே இருந்தா?"

"இது சும்மா பயிற்சிதாங்க" என்று தட்டுகளைக் கழுவப் போட்டாள்.

மறுநாள் எல்லோருடைய பயிற்சியையும் பார்க்க இயக்குநர் வந்தார். மற்றவர்கள் திரையில் எதுவும் ஓடவில்லை. ஜன்னலம்மா திரையில் ஓடியது.

"ஒரு பேர் போடுங்க."

போட்டாள்.

"இப்ப எடுங்க."

அதே பெயர் வந்து நின்றது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார். "இவருக்குக் கால் கிடைக்க முன்ன எவ்வளவு ஆகும்?"

"மூணு வருஷம் சார்."

"மூணு வருஷம் எங்கே, மூணு நொடி எங்கே!"

"சார், இது கடைசியாப் போட்டதை முதல்ல எடுக்குது. அதனாலதான். பழைய ஆளுங்க எல்லாரும் அடியில—"

"பயிற்சியே இப்படி ஓடுதுன்னா நிஜம் எப்படி ஓடும்!" என்று அவர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார்.

ஜன்னலம்மா பயிற்றுநரைத் தனியாகப் பிடித்தாள். "சார், நீங்களாவது சொல்லுங்க. முதல்ல வந்தவங்க முதல்ல போற மாதிரி எதுவும் கிடையாதா?"

"இருக்கு மேடம். வரிசைன்னு பேரு. ரொம்ப சுலபம்."

"அதைச் சொல்லிக் குடுங்க சார்."

"அது ரெண்டாம் நிலைப் பாடம்" என்றார் பயிற்றுநர், உண்மையான வருத்தத்துடன். "ஒப்பந்தம் முதல் நிலைக்குத்தான்."

அடுக்கு முறை அமலுக்கு வந்தது. ஜன்னலம்மாவே உட்கார்ந்து பழைய கட்டை உள்ளே ஏற்றினாள். ரொம்ப நாளாகக் காத்திருந்தவர்கள் முதலில் உள்ளே போனார்கள். ஆகவே அடியில் போனார்கள். கணவர் பெயரை ஏற்றும்போது பின்னால் துணை இயக்குநர் நின்றுகொண்டிருந்தார்.

தொடக்க விழாவுக்கு அமைச்சர் வந்தார். இயக்குநர் பேசினார்: "நம் வாரியத்தில் சராசரிக் காத்திருப்பு நேரம் மூன்று வருடத்திலிருந்து ஒரு நாளாகக் குறைந்துள்ளது. கால் பெற்றவர்களைக் கேட்டுத்தான் இந்தக் கணக்கை எடுத்தோம். கால் பெறாதவர்கள் இன்னும் காத்திருப்பதால் அவர்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? இது அடித்தட்டு மக்களுக்கான திட்டம். அடித்தட்டில் இருப்பவர்களை அங்கேயே, யார் கையும் படாமல், பத்திரமாக வைத்திருப்போம் என்று உறுதி கூறுகிறேன்."

அமைச்சர் தன் பங்குக்கு, "வாரியத்திடம் ஸ்டாக் இருக்கிறது, நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு மகிழ்கிறேன்" என்றார். அவர் நினைத்தது கையிருப்பு; வாரியத்தில் இருந்ததோ பெயர் அடுக்கு. யாரும் திருத்தவில்லை. கிடங்கில் அவ்வளவு கால் கிடக்கும்போது மூலப்பொருள் எதற்கு என்று நிதித்துறை பட்டறைக்கு வரும் பிளாஸ்டிக்கைப் பாதியாக வெட்டியது. ஏழெட்டுக் கால் மூன்று நான்காயிற்று.

ஜனங்களுக்கு விஷயம் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. அன்றன்று கடைசியாகப் பதிபவர்களுக்குத்தான் மறுநாள் கால் என்று தெரிந்ததும் காத்திருப்புக் கூடத்தில் இதுவரை காணாத மரியாதை மலர்ந்தது.

"நீங்க போங்கண்ணே."

"பரவாயில்லம்மா, நீ முதல்ல போ. கைக்குழந்தை வேற."

"குழந்தை தூங்குதுண்ணே, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

காலையில் ஜன்னல் திறந்தால் எதிரில் ஆளே இருக்கமாட்டார்கள். கூடம் நிறைய இருப்பார்கள். மூடுவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஊன்றுகோல்கள் தரையில் தடதடக்கும். ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று நிச்சயமாகும்வரை பெயரைச் சொல்ல மறுப்பார். இன்னொருவர் அவர் பெயரை அவருக்குத் தெரியாமல் சொல்லிவிடுவார். ஒருநாள் ஒரு தபால்காரர் அப்படிப் பதியப்பட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். இயக்குநர் மாடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துவிட்டு, 'நீங்கள் முதலில்' பண்பாடு என்று ஒரு கட்டுரை எழுதினார்.

அந்தக் கூட்டத்தில் ஒருநாள் ஒரு வெல்டர் வந்தார். சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்திருந்தார்; தங்கச்சி தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு காலும் இல்லை. அன்று அவர்தான் கடைசி. கூடத்தில் இருந்தவர்கள் நிஜமாகவே விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

ஜன்னலம்மா இடது கால்காரர் பட்டியலில் போட்டாள். வாங்கிக்கொண்டது. வலது கால்காரர் பட்டியலில் போட்டாள். 'இந்த நபர் வேறு வகையைச் சேர்ந்தவர்' என்றது. மேலே ஓடினாள். அதிகாரிகள் குழு கூடியது.

துணை இயக்குநர் வெல்டரிடம் பொறுமையாக விளக்கினார். "நீங்க இடது கால் இல்லாதவரா, வலது கால் இல்லாதவரா? ஏதாவது ஒண்ணுதான் இருக்க முடியும்."

"ஒண்ணுமே இல்ல சார்."

"அதைத்தான் சொல்றேன். அப்படி ஒரு வகையே கிடையாது. ஒரு பொருள் ஒரு வகை. எல்லாருக்கும் பொதுவான சட்டத்தை உங்களுக்காக மாத்தினா, நாளைக்குக் கை இல்லாதவங்களும் வந்து நிப்பாங்க. வேணும்னா இடது கால் வாங்கிக்கங்க. அது நாளைக்கே கிடைக்கும்."

"வலது?"

"ஒரு கால் வாங்கிட்டா நீங்க பயன்பெற்றவர். பயன்பெற்றவர் விண்ணப்பதாரர் ஆக முடியாது."

"சார், ரெண்டும் இருந்தாத்தான் சார் எனக்கு—"

"இப்படி ஒத்தைக் கால்ல நிக்காதீங்க!" துணை இயக்குநருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதுக்குக்கூட வழியில்லாமத்தான் சார் வந்தேன்" என்றார் வெல்டர்.

மறுநாள் அவருக்கு இடது கால் கொடுத்தார்கள். அதை மடியில் கிடத்திக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தார். தங்கச்சி ஜன்னலருகே வந்து, "இதைத் திருப்பிக் குடுத்துட்டா அண்ணன மறுபடி எழுதிக்குவீங்களா அக்கா?" என்று கேட்டாள். ஜன்னலம்மாவுக்குப் பதில் தெரியும். அதனால் சொல்லவில்லை.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

"நீ என்ன பண்ணுவ?" என்றார் கணவர்.

"நான்தானே எழுதினேன்."

"தட்டை அடுக்கினது நீ. அதுல சோறு போடறது அவங்க."

"உங்க பேரு எவ்வளவு அடியில இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். பாதாள லோகத்துல. குழிக்குள்ள இருந்து எனக்குப் பழக்கம்தான்" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்த ஷூவை அவர் பரணில் திரும்ப வைத்துவிட்டதை அன்றுதான் கவனித்தாள்.

ஒரு மாதத்தில் அடுக்கு முறைக்கு விருது வந்தது. வாங்குவதற்கு இயக்குநரும் துணை இயக்குநரும் வெளிநாடு போனார்கள். வழியில் பார்க்க வேண்டிய இடங்களும் இருந்ததால் மூன்று வாரம். அவர்கள் கிளம்பிய மறுநாள் காலையில் ஜன்னலம்மா கம்பியில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள்: 'மேம்படுத்தும் பணி நடைபெறுகிறது. பதிவு இல்லை.'

அந்த வாசகத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. புதிதாக வந்தவர்களிடம் உள்ளேயிருந்தபடியே, "மூணு வாரம் கழிச்சு வாங்க. கண்டிப்பா வாங்க" என்றாள். மேலே புதிதாக யாரையும் போடாவிட்டால் அடுக்கு இறங்கித்தானே ஆக வேண்டும்? பட்டறை மேஸ்திரியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவர் உடைந்து கிடந்த பழைய கால்களை உருக்கிப் பிளாஸ்டிக் எடுக்க ஆரம்பித்தார். மூன்று நான்கு கால், பத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பு எரிந்தது.

அடுக்கு இறங்கியது. முதலில் போன மாதத்துக்காரர்கள் வந்தார்கள். பிறகு மரியாதை காட்டி ஏமாந்தவர்கள் வந்தார்கள்; தபால்காரரும் வந்தார். இரண்டாவது வாரத்தின் கடைசியில் பழைய கட்டின் பெயர்கள் தலைகாட்டின. சிலர் வீடு மாறியிருந்தார்கள். சிலர் நம்பவில்லை. ஒரு பெயருக்கு அந்த மனிதரின் மனைவி வந்தாள்.

"அவர் போய் எட்டு மாசம் ஆச்சு" என்றாள்.

இயந்திரத்தில் 'வழங்கப்பட்டது' என்று போட்டால்தான் அடுத்த பெயர் வரும். வேறு காரணம் எழுத இடமே இல்லை. ஜன்னலம்மா சங்கடத்துடன் அதைச் சொன்னாள்.

"செஞ்சாச்சா?"

"ஆச்சு."

"அப்பக் குடுங்க. அவர் கேட்டதுதானே." சேலை முந்தானையால் காலைச் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது வாரத்தின் கடைசி நாளில், கணவர் பெயருக்கு மேல் இன்னும் இரண்டே பெயர் இருந்தபோது இயக்குநர் வந்துவிட்டார். விருது வழங்கியவர்கள் நேரடிக் காட்சி கேட்டிருந்தார்களாம். இங்கே புதிய பதிவு பூஜ்யம் என்று திரையில் தெரிந்திருக்கிறது. அட்டையை அவரே கழற்றினார். வெளியில் சொன்ன நாளில் வந்து காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே மத்தியானத்தில் பதியப்பட்டு மேலே உட்கார்ந்தார்கள். அவர்களை ஜன்னலம்மாதான் வரச் சொல்லியிருந்தாள். கடைசியாகப் பதிந்தது ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி.

விசாரணையில் இயக்குநர் குரலை உயர்த்தவில்லை. "உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியல. ரொம்ப நாளாக் காத்திருந்தவங்களுக்குக் கால் குடுத்திருக்கீங்க. முன்னால வந்தவனுக்கு முன்னால குடுக்கறது பெட்டிக்கடைக்காரன்கூடச் செய்வான்மா. அதுக்கு யாராவது விருது குடுப்பாங்களா? இப்ப பாருங்க, சராசரி மூணு வருஷத்துக்குப் போயிடுச்சு. பழைய ஆளுங்களுக்குக் குடுக்கக் குடுக்க நம்ம பேரு கெடுது."

பணியிடை நீக்கம். பாதிச் சம்பளம். குற்றச்சாட்டு: பயனாளிகளை வரிசைப்படுத்தியது. துணை இயக்குநர் படிவரை வந்து ஆறுதல் சொன்னார். "இறுதி விசாரணை சீக்கிரம் வந்துடும்மா. ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளையும் இப்ப அடுக்கு முறையிலதான் எடுக்கறோம். வேற யாரும் புதுசாத் தப்பு பண்ணாம இருந்தாப் போதும்."

அன்று சாயங்காலம் கணவர் தண்ணீர் கொடுத்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். பிறகு, "அந்தச் சின்னப் பொண்ணுக்குக் கிடைச்சுதா?" என்றார்.

"நாளைக்குக் கிடைக்கும்."

"சரி" என்றார். அதற்கு மேல் கோபப்பட அவருக்கும் ஆள் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பட்டறை மேஸ்திரி கோணிப்பையோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே கால். மிச்சம் மீதியில் செய்தது. தொடைப்பகுதி ஒரு நிறம், கெண்டைக்கால் ஒரு நிறம். மூட்டு லேசாகக் கிறீச்சிட்டது. "எந்தக் கணக்குலயும் இல்லம்மா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு ரிடையர் ஆக ஒரு வருஷம் இருக்கு" என்றார். மெக்கானிக் சுவரைப் பிடித்து எழுந்தார். சுவரை விட்டார். கதவுவரை போய்த் திரும்பி வந்தார். மூட்டுக்குக் கொஞ்சம் கிரீஸ் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதம் பாதிச் சம்பளக் காகிதத்தில் கையெழுத்துப் போட ஜன்னலம்மா வாரியத்துக்குப் போனாள். அவரும் கூட வந்தார். இன்னும் முழுதாகப் பழகாததால் ஊன்றுகோல்களை அவள் வைத்துக்கொண்டாள்.

கூடத்தில் ஏதோ பத்திரிகைக்காரர்கள். இயக்குநர் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்; பின்னால் ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். கேட்டைத் தள்ளிக்கொண்டு நடந்துவரும் மனிதர் அவர் கண்ணில் பட்டார். ஜன்னலம்மாவின் கணவர் என்று அவருக்குத் தெரியாது. அவர் யார் கணவரையும் பார்த்ததில்லை.

"இதோ, கேட்டுப் பாருங்க!" என்று மெக்கானிக்கின் தோளில் கை போட்டு இழுத்து நிறுத்தினார். "ஐயா, தைரியமாச் சொல்லுங்க. இந்தக் கால் எங்க கிடைச்சுது?"

மெக்கானிக் நிமிர்ந்தார். சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. ஊழியர் வரிசையின் கோடியில் பட்டறை மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இங்கதாங்க" என்றார் மெக்கானிக்.

"எவ்வளவு நாள் காத்திருந்தீங்க?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"காத்திருக்கவே இல்லீங்க."

கைதட்டினார்கள். கேமராக்காரர் முன்னால் வந்து, இன்னொருமுறை நடந்து காட்டச் சொன்னார். மெக்கானிக் நடந்தார். "சிரிச்சுக்கிட்டே" என்றார் கேமராக்காரர். மறுபடி நடந்தார்.

"அம்மா, அந்தக் கட்டை படத்துல விழுது."

ஜன்னலம்மா ஊன்றுகோல்கள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.